கணக்கு நோட்டிலிருந்து கைப்பேசிச் செயலி வரை: வாங்கும் விவரத்துக்கு வெகுமதி

கடையில் என்ன வாங்கினோம், எவ்வளவுக்கு வாங்கினோம், எங்கே வாங்கினோம் என்ற விவரங்களை ஒரு நிறுவனத்துக்குத் தந்து, அதற்கு ஈடாகப் புள்ளி, கூப்பன், பணம் போன்றவற்றைப் பெறும் முறையை நுகர்வுத் தரவுப் பகிர்வு எனலாம். இன்று இது பெரும்பாலும் கைப்பேசிச் செயலிகள் வழியாக நடைபெறுகிறது. பயனர் ரசீதைப் படம் எடுத்து அனுப்புவது ஒரு வகை. ஒருமுறை அனுமதி அளித்தபின் செயலி தானாகவே விவரங்களைத் திரட்டிக்கொள்வது மற்றொரு வகை. இரண்டாவது வகையில் பயனர் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதால், அதனை உழைக்காமல் கிடைக்கும் வருமானம் என்று விளம்பரம் செய்கிறார்கள்.

இந்த முறையின் வேர்கள் நூறாண்டுக்கும் முற்பட்டவை. வாங்குபவரின் விவரத்துக்கு எப்போதும் ஒரு மதிப்பு இருந்துவந்துள்ளது. அந்த விவரத்தை யார் எழுதி வைத்தார்கள், அது எவ்வளவு தூரம் பயணம் செய்தது, கொடுத்தவருக்கு அது தெரிந்திருந்ததா என்பவையே காலந்தோறும் மாறியுள்ளன. புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து அந்த மாற்றத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

காசும் கணக்கும்

புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் தனிச் சமஸ்தானமாக இருந்தது. 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமானது. சமஸ்தானத்துக்கெனத் தனி நாணயமும் இருந்தது. அம்மன் காசு எனப்பட்ட அந்தச் சிறு செப்புக் காசின் ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவமும், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல்லும் இருந்தன. நவராத்திரிக் காலத்தில் அரிசியோடு இந்தக் காசும் மக்களுக்கு வழங்கப்பட்டது. திருக்கோகர்ணத்து அம்மனை அரைக்காசு அம்மன் என்று மக்கள் அழைப்பதற்கும் இக்காசுக்கும் தொடர்பு உண்டு.

காசுக்கு நினைவு கிடையாது. சந்தையில் ஒருவர் காசு கொடுத்துப் புளியோ கருப்பட்டியோ வாங்கினால், வாங்கியவர் யார் என்பதற்கு எந்தத் தடயமும் எஞ்சாது. கடனுக்கு வாங்கும்போதுதான் பெயரும் பொருளும் எழுத்தில் ஏறின. ஊர் மளிகைக் கடையின் கணக்கு நோட்டு அத்தகையது. ஒரு வீட்டில் அரிசி கூடுதலாகப் போனால் விருந்தாளி வந்திருக்கிறார் என்பதும், பூண்டும் சுக்கும் பனைவெல்லமும் போனால் பிள்ளை பிறந்திருக்கிறது என்பதும் கடைக்காரருக்குத் தெரியும். மாதக் கணக்கு தீராமல் நின்றால் வீட்டின் முடையும் தெரியும்.

இன்றைய நிறுவனங்கள் கணினியைக் கொண்டு தேடுவதும் இதே அறிவைத்தான். ஆனால் கடைக்காரரின் அறிவு நான்கு தெருக்களைத் தாண்டவில்லை. அவரும் அதே ஊர்க்காரர். ஒரு வீட்டு விவரத்தை வெளியே பேசினால் அவர் பெயரும் வியாபாரமும் கெடும். வாங்குபவரும் கேட்டால் நோட்டைத் திருப்பிப் பார்க்கலாம், தவறிருந்தால் வாதாடலாம். மாவட்டத்தின் ராயவரம், கோனாப்பட்டு போன்ற நகரத்தார் ஊர்களில் பேரேடும் ஐந்தொகையும் எழுதும் மரபு செழித்திருந்தது. கணக்கைச் சரியாக எழுதுவதும் அதைக் காப்பதும் அங்கே தொழிலின் நாணயமாகவே கருதப்பட்டன.

முத்திரையிலிருந்து அட்டைக்கு

வாடிக்கையாளருக்கு வெகுமதி தரும் வழக்கம் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. 1896இல் தொடங்கப்பட்ட ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் நிறுவனம் பச்சை நிற முத்திரைகளைக் கடைகளுக்கு விற்றது. கடைகள் அவற்றை வாங்கிய தொகைக்கு ஏற்ப மக்களுக்குக் கொடுத்தன. மக்கள் அவற்றைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து வீட்டுப் பொருள்களாக மாற்றிக்கொண்டனர். இங்கே வெகுமதி இருந்தது; விவரம் கேட்கப்படவில்லை. யார் என்ன வாங்கினார் என்பது முத்திரையில் பதிவாகவில்லை.

விவரம் சேர்க்கும் தொழில் தனியாக வளர்ந்தது. ஆர்தர் சி. நீல்சன் 1923இல் சிகாகோவில் தம் சந்தை ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். கடைகளின் இருப்பையும் விற்பனையையும் கணக்கெடுத்து, அந்தக் கணக்கை உற்பத்தியாளர்களுக்கு விற்பது அதன் தொழில்களில் ஒன்றானது. பிறகு பல நாடுகளில் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் தாங்கள் வாங்கியவற்றை நாட்குறிப்பில் எழுதி அனுப்பும் முறை வந்தது. அதற்காக அக்குடும்பங்களுக்குச் சிறு பரிசுகள் தரப்பட்டன. வாங்கும் விவரத்தையும் வெகுமதியையும் முதலில் ஒன்றாக இணைத்தது இந்தக் குடும்பக் குழு முறையே.

அடுத்த திருப்பம் பட்டைக்குறி. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலம் டிராய் நகரிலிருந்த மார்ஷ் பல்பொருள் அங்காடியில், ரிக்லி நிறுவனத்தின் சூயிங் கம் பொதி ஒன்று பட்டைக்குறி வழியாக முதன்முதலில் விற்கப்பட்டது. புதுக்கோட்டை மாவட்டம் பிறந்த அதே ஆண்டில் இது நடந்தது. அதுவரை கையால் எழுதிய விவரத்தை இனி இயந்திரம் படித்துக்கொண்டது. 1980களின் இறுதியில் நீல்சன் நிறுவனம் அமெரிக்கக் குடும்பங்களுக்குக் கையடக்கக் கருவிகளைத் தந்து, வாங்கிய பொருள்களின் பட்டைக்குறிகளை வீட்டிலேயே பதியச் செய்தது. பங்கேற்ற குடும்பங்களுக்குப் புள்ளிகள் கிடைத்தன. இன்றைய ரசீதுச் செயலிகளின் நேரடி முன்னோடி இதுவே.

1995 பிப்ரவரியில் பிரிட்டனின் டெஸ்கோ நிறுவனம் கிளப்கார்டு என்ற அட்டையை நாடு முழுவதும் அறிமுகம் செய்தது. எட்வினா டன், கிளைவ் ஹம்பி ஆகிய தம்பதியரின் நிறுவனம் அதன் தரவுகளை ஆராய்ந்தது. சில குடும்பங்கள் என்றிருந்த நிலை மாறி, அட்டை வாங்கிய ஒவ்வொருவரின் கூடையும் பதிவாகத் தொடங்கியது. வாங்கியதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத் திரும்பக் கிடைத்த புள்ளிகளுக்காக மக்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் விருப்பத்தோடு தந்தனர்.

இந்தியாவில்

இந்தியக் குடும்பங்களின் செலவை முறையாகக் கேட்டறிந்த முதல் பெரும் முயற்சி அரசினுடையது. பி. சி. மகலனோபிஸின் முயற்சியால் 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று, கடந்த 30 நாட்களில் எவ்வளவு தானியம், எண்ணெய், துணி வாங்கினார்கள் என்று கேட்டனர். அதற்கு வெகுமதி இல்லை. தனிக் குடும்பத்தின் விவரமும் பெயரோடு வெளியிடப்படுவதில்லை. நாட்டின் வறுமை அளவீடுகள் நீண்ட காலம் இக்கணக்கெடுப்பையே சார்ந்திருந்தன. வாங்கும் விவரம் பொதுநலனுக்கும் பயன்படும் என்பதற்கு இது சான்று.

தனியார் துறையிலும் சந்தை ஆய்வு நிறுவனங்கள் குடும்பக் குழுக்களை அமைத்தன. தொலைக்காட்சிப் பார்வையாளர் கணக்கெடுப்பும் இதே வகையினது. 2015 முதல் பார்க் இந்தியா என்ற அமைப்பு, தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி பொருத்தி இதைச் செய்துவருகிறது.

தமிழ்நாட்டில் பொதுவிநியோகக் கடையின் குடும்ப அட்டை இன்னொரு பதிவேடு. 2017 ஏப்ரல் முதல் அது மின்னணு அட்டையாக மாறியது. அரிசியும் சர்க்கரையும் வாங்கிய விவரம் கருவியில் ஏறி, குறுஞ்செய்தியாகக் கைப்பேசிக்கு வருகிறது. வாங்காத பொருளை வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தால் மக்கள் கடையில் கேட்கவும் புகார் செய்யவும் முடிகிறது. விவரம் கொடுத்தவருக்கே திரும்பி வரும்போது அது அவருக்கு ஒரு பாதுகாப்பாக அமைகிறது.

செயலிகளின் காலம்

திறன்பேசி பரவியபின் கணக்கு நோட்டு, நாட்குறிப்பு, அட்டை ஆகிய மூன்றும் ஒரே கருவிக்குள் வந்தன. அமெரிக்காவில் இபோட்டா செயலி 2012இல் வெளிவந்தது. ரசீதைப் படம் எடுத்து அனுப்பினால் குறிப்பிட்ட பொருள்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. கூகுள் 2013இல் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் என்ற செயலியைத் தொடங்கி, 2017இல் இந்தியாவுக்கும் விரிவாக்கியது. சிறு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் கூகுள் பிளே கடையில் செலவிடத்தக்க தொகை சேரும். அமேசான் 2020 அக்டோபரில் அமெரிக்காவில் ஷாப்பர் பேனல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பிற கடைகளில் வாங்கிய 10 ரசீதுகளை மாதந்தோறும் அனுப்பினால் 10 டாலர் கிடைத்தது. ஒரு ரசீதின் விலை ஒரு டாலர் என்று வெளிப்படையாகத் தெரிந்த நிகழ்வு அது.

ஜப்பானில் 2018 ஜூனில் ஒன் என்ற செயலி எந்த ரசீதையும் 10 யென்னுக்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. ரசீதுகள் குவிந்ததால் ஒரு நாளுக்குள்ளேயே சேவையை நிறுத்திவைக்க நேர்ந்தது. இந்தியாவில் குருகிராமைச் சேர்ந்த மேஜிக்பின் போன்ற செயலிகள், உள்ளூர்க் கடை ரசீதைப் பதிவேற்றினால் புள்ளி தரும் முறையைக் கொண்டுவந்தன.

இச்செயலிகள் விவரம் திரட்டும் வழிகள் நான்கு. முதலாவது, ரசீதின் படத்திலிருந்து எழுத்துகளைக் கணினி படித்தல். இரண்டாவது, மின்னஞ்சல் பெட்டிக்கு அனுமதி பெற்று அதில் வரும் ரசீதுகளைப் படித்தல். மூன்றாவது, வங்கிக் கணக்கு அல்லது கடன் அட்டையின் பரிவர்த்தனைகளைப் பார்த்தல். நான்காவது, கைப்பேசியிலேயே தங்கி இருப்பிடம், குறுஞ்செய்தி, இணையப் பயன்பாடு ஆகியவற்றைக் கவனித்தல். முதல் வழியில் எதைக் கொடுக்கிறோம் என்பது பயனருக்கு ஒவ்வொரு முறையும் தெரியும். மற்ற மூன்றிலும் அனுமதி ஒருமுறை. திரட்டுவது தொடர்ந்து நடக்கும். பயனரின் உழைப்பு குறையக் குறைய அவர் அறிவதும் குறைகிறது.

இதற்கு இரு சான்றுகள் உள்ளன. அன்ரோல்.மீ என்ற சேவை, தேவையற்ற விளம்பர மின்னஞ்சல்களை நீக்கித் தருவதாகக் கூறி அஞ்சல் பெட்டிக்கு அனுமதி பெற்றது. அது பயனர்களின் மின்னணு ரசீதுகளை எடுத்துச் சந்தை ஆய்வுக்கு விற்றது 2017இல் தெரியவந்தது. 2019இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்துடன் அந்நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது.

இரண்டாவது சான்று இந்தியாவை நேரடியாகத் தொடுகிறது. ஃபேஸ்புக் நிறுவனம் ஃபேஸ்புக் ரிசர்ச் என்ற செயலியை நிறுவிக்கொள்வோருக்கு மாதம் 20 டாலர் வரை தருவதாகச் சொல்லி, 13 முதல் 35 வயது வரையுள்ளோரைச் சேர்த்தது. 2019 ஜனவரியில் டெக்கிரஞ்ச் இதழ் இதை வெளிப்படுத்தியது. கைப்பேசியின் இணையப் போக்குவரத்து முழுவதையும் பார்க்கும் வசதி அச்செயலிக்கு இருந்தது. அமேசானில் வாங்கிய பொருள்களின் பட்டியலைப் படம் எடுத்துத் தருமாறும் பயனர்களிடம் கேட்கப்பட்டது. மொத்தம் 1,87,000 பேரின் தரவு திரட்டப்பட்டதாகவும் அவர்களில் 31,000 பேர் அமெரிக்கர் என்றும் அந்நிறுவனம் பின்னர் தெரிவித்தது. எஞ்சியோர் இந்தியர்கள். அமெரிக்காவில் பெரும் விவாதமாகிய ஒரு நிகழ்வில் பங்கேற்றோரில் ஆறில் ஐந்து பங்கினர் இந்தியர்கள் என்பது இங்கே அதிகம் பேசப்படவில்லை.

அரசுகளும் ரசீதுகளும்

ரசீதுக்குப் பரிசு தருவதில் அரசுகளும் பின்தங்கவில்லை. வரி ஏய்ப்பைத் தடுப்பது அவற்றின் நோக்கம். வாங்குபவர் ரசீது கேட்டால் கடைக்காரர் விற்பனையை மறைக்க முடியாது. தைவான் 1951இலேயே ரசீது எண்களைக் குலுக்கிப் பரிசு தரத் தொடங்கியது. பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலம் 2007இல் வரியின் ஒரு பகுதியை நுகர்வோருக்கே திருப்பித் தந்தது.

கேரள அரசு 2022 ஆகஸ்டில் லக்கி பில் என்ற செயலியை வெளியிட்டது. இந்திய அரசு 2023 செப்டம்பர் 1 அன்று 'மேரா பில் மேரா அதிகார்' திட்டத்தை அசாம், குஜராத், ஹரியானா ஆகிய மாநிலங்களிலும், புதுச்சேரி, தாத்ரா நகர் ஹவேலி, தாமன் தியூ பகுதிகளிலும் தொடங்கியது. 200 ரூபாய்க்குக் குறையாத சரக்கு-சேவை வரி ரசீதுகளை மாதம் 25 வரை ஒருவர் பதிவேற்ற முடிந்தது. குலுக்கலில் 10,000 ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை பரிசு அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டின் தனி நிலை

அதிர்ஷ்டத்தை நம்பிய பரிசுத் திட்டங்களுக்குத் தமிழ்நாட்டில் நீண்டகாலமாகவே தடை உண்டு. பொருள் வாங்குவோரைக் குலுக்கல் பரிசு காட்டி ஈர்ப்பதைத் தடுக்க, 1979இல் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. 2003 ஜனவரியில் லாட்டரிச் சீட்டு விற்பனையும் தடை செய்யப்பட்டது.

2017 செப்டம்பரில் கூகுள் நிறுவனம் தேஸ் என்ற பணப் பரிமாற்றச் செயலியை இந்தியாவில் தொடங்கியது. அடுத்த ஆண்டு அது கூகுள் பே எனப் பெயர் மாறியது. பணம் அனுப்புவோருக்கு அது அளித்த ஸ்கிராட்ச் கார்டுப் பரிசுகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என விதிமுறையில் குறிக்கப்பட்டிருந்தது. திறன்பேசிகளுக்கு முன்னரே இயற்றப்பட்ட ஒரு சட்டம் திறன்பேசிப் பரிசைத் தடுத்தது. ஆனால் அச்சட்டம் சூதாட்ட மனப்பான்மையை மட்டுமே கருத்தில் கொண்டது. பரிசு வராவிட்டாலும் விவரம் போய்க்கொண்டுதான் இருந்தது. பெங்களூரில் இருப்பவர் தரவைக் கொடுத்து ஸ்கிராட்ச் கார்டு பெற்றார். புதுக்கோட்டையில் இருப்பவர் அதே தரவை அந்தப் பரிசு இல்லாமலே கொடுத்தார்.

புதுக்கோட்டையில் நிலைமை

ரசீதுச் செயலிகளுக்கு அச்சடித்த ரசீதும் பட்டைக்குறியும் வேண்டும். புதுக்கோட்டை, அறந்தாங்கி போன்ற நகரங்களின் பல்பொருள் அங்காடிகளில் இவை உண்டு. மாவட்டத்தின் வாங்கலில் பெரும் பகுதி அவ்வாறானதன்று. ஆதனக்கோட்டைச் சாலையோரம் வாங்கும் வறுத்த முந்திரிக்கும், கீரமங்கலத்துப் பூவுக்கும், வடகாட்டுப் பலாப்பழத்துக்கும் ரசீது கிடையாது. உதிரியாக நிறுத்து வாங்கும் பருப்புக்கும் பட்டைக்குறி இல்லை. எனவே ரசீதைக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்ற விளம்பரம் சிற்றூர் வீட்டுக்குச் சிறிதளவே பொருந்துகிறது.

விவரம் வேறு வழியில் பதிவாகிறது. தேசியப் பணக்கொடுப்பனவுக் கழகம் 2016 ஏப்ரலில் யுபிஐ முறையைத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்ட பணமதிப்பு நீக்கம் மக்களை அதன் பக்கம் திருப்பியது. இப்போது இளநீர்க் கடையிலும் க்யூஆர் குறியீடு தொங்குகிறது. யுபிஐ பரிவர்த்தனையில் என்ன பொருள் என்பது பதிவாகாது. யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பவை பதிவாகும். மாதந்தோறும் ஒரே மருந்துக்கடைக்கு ஒரே அளவு தொகை, ஜூன் மாதத்தில் நகை அடகுக் கடைக்கு ஒரு தொகை, பிறகு பள்ளிக்கு ஒரு தொகை என்று வரிசைப்படுத்தினால், ஒரு குடும்பத்தின் நோயும் கடனும் பிள்ளைப் படிப்பும் அதில் தெரிந்துவிடும். அன்று கணக்கு நோட்டைப் பார்த்து மளிகைக் கடைக்காரர் ஊகித்ததும் இதுவே. இன்று ஊகிப்பவர் யார் என்று வாங்குபவருக்குத் தெரியாது. நோட்டைத் திருப்பிப் பார்க்கவும் இயலாது.

பல வீடுகளில் கைப்பேசி ஒன்றுதான். அதைப் பள்ளிப் பிள்ளைகளும் பயன்படுத்துகிறார்கள். புள்ளி கிடைக்கும் என்று ஒரு மாணவர் அழுத்தும் அனுமதி, வீட்டார் அனைவரின் குறுஞ்செய்திகளையும் திறந்துவிடக்கூடும். வெகுமதி என்ற பெயரில் பணம் பறிக்கும் போலிச் செயலிகளும் உண்டு. உண்மையான வெகுமதித் திட்டம் எதற்கும் யுபிஐ ரகசிய எண் தேவைப்படாது. பணம் பெறுவதற்கு ரகசிய எண் கேட்டாலே அது மோசடி. ஏமாந்தவர்கள் உடனடியாக 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

சட்டமும் ஒப்புதலும்

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் வகையில் அவை அமைந்துள்ளன.

இச்சட்டத்தின் சில கூறுகள் நுகர்வுத் தரவுக்கு நேரடியாகப் பொருந்தும். ஒப்புதல் தாமாக, தெரிந்து, குறிப்பிட்ட நோக்கத்துக்காக மட்டும் அளிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஒப்புதலைத் திரும்பப் பெறுவது, அதை அளித்தது போலவே எளிதாக இருக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர் எனில் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். விதியை மீறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு கூறும் உண்டு. என்ன விவரம், எதற்காக எடுக்கப்படுகிறது என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள ஏதேனும் ஒரு மொழியிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்கு நிறுவனம் தர வேண்டும். அந்த மொழிகளில் தமிழும் ஒன்று.

அறிவொளி தந்த பாடம்

இக்கூறு புதுக்கோட்டைக்குச் சிறப்பாகப் பொருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு. 1991-92இல் மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் காலத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில், பல்லாயிரக்கணக்கான பெண்கள் எழுத்தறிவு பெற்றனர். அவர்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதும் அந்த இயக்கத்தின் பகுதியே. 1992இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. கைநாட்டு வைத்த இடத்தில் கையெழுத்திடுவது அந்த இயக்கத்தின் கண்ணுக்குத் தெரிந்த அடையாளமாக இருந்தது. அதன் உள்நோக்கம் இன்னும் பெரியது: கடன் பத்திரமோ கூலிக் கணக்கோ, கையெழுத்திடும் முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும்.

'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துவதும் ஒரு கையெழுத்துதான். அதற்கு மேலே பல பக்கம் ஆங்கிலத்தில் விதிமுறை இருந்து, படிக்காமலே அழுத்தினால், அது மீண்டும் கைநாட்டாகிவிடுகிறது. ஆங்கிலம் தெரிந்தவரும் அதைப் படிப்பதில்லை என்பதால், இந்தப் புதிய கைநாட்டில் படித்தவர் படிக்காதவர் என்ற வேறுபாடும் இல்லை.

விவரத்தைக் கொடுத்து வெகுமதி பெறுவது குற்றமும் அன்று, இழிவும் அன்று. தெரிந்து கொடுத்தால் அது ஒரு வியாபாரம். ஒரு செயலியை ஏற்கும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுவது பயன் தரும். என்ன விவரம் எடுக்கிறது? யாருக்குக் கொடுக்கிறது? எவ்வளவு காலம் வைத்திருக்கும்? நிறுத்த விரும்பினால் எங்கே அழுத்த வேண்டும்? என்ன விவரம், எதற்காக எடுக்கப்படுகிறது என்ற அறிவிப்பைத் தமிழில் கேட்பது சட்டம் தந்துள்ள உரிமை. மளிகைக் கடையில் நோட்டைத் திருப்பிப் பார்த்துக் கணக்குக் கேட்ட மக்களுக்கு அந்தக் கேள்விகள் புதியவை அல்ல.